சொன்னவர் எங்கே நின்றார்?

(பொன்விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது நிறைகிறது. அல்ஹம்து லில்லாஹ். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வரலாற்றைப் பேசுவதற்கு முன்னால், வரலாற்றைச் சொல்பவரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன் என்று அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ஒரு நிகழ்ச்சியை மூன்று பேர் பார்த்தால் மூன்று கதை வரும். அவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் புத்தகத்துக்குப் போகும். போன கதை நம்பப்படும். போகாத கதையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை; அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். எது போகிறது, எது தங்கிவிடுகிறது என்பதை உண்மை மட்டுமே முடிவு செய்வதில்லை. சொன்னவர் எங்கே நின்றார், அவருக்கு எழுதத் தெரிந்ததா, அவரிடம் போய்க் கேட்டவர் யார் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் மார்க்கத்தில் இது புதிய விஷயம் அல்ல. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். சகோதரர்கள் சட்டையில் பொய் இரத்தம் பூசிக்கொண்டு வந்து, ஓநாய் தின்றுவிட்டது என்று அழுதார்கள். பத்துப் பேர் ஒரே குரலில் சொன்ன கதை. ஆனாலும் தந்தை யஃகூப் (அலை) அதை ஏற்கவில்லை. ஓநாய் கடித்த பிள்ளையின் சட்டை கிழியாமல் வருமா என்று அவர் கவனித்ததாக விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். பிறகு மிஸ்ரில் அமைச்சரின் மனைவி ஒரு கதை சொன்னார். அடிமையாக வாங்கப்பட்ட இளைஞர் வேறு கதை சொன்னார். சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா, பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து உண்மை தெரிந்தது. உண்மை தெரிந்த பிறகும் சிறைக்குப் போனவர் யார்? யூசுஃப் (அலை) அவர்கள்தான். மாளிகைக்காரர்களின் மானம் காக்கப்பட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து மன்னர் விடுதலை கொடுத்து அழைத்தபோது, அவர் உடனே ஓடிவந்துவிடவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வருவதைவிடத் தம் கதை சரியாகப் பதிவாவது அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஹதீஸ் கலையும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று பார்த்தார்கள். செய்திக்கு முன்னால் பெயர்களின் சங்கிலி. அந்தச் சங்கிலியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இடம் என்ன என்று நம் பெண்பிள்ளைகள் அறிய வேண்டும். தொழுகிறவருக்கு முன்னால் பெண் குறுக்கிட்டால் தொழுகை முறிந்துவிடும் என்ற பேச்சு வந்தபோது அவர்கள் அதை மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது, கிப்லாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் தாம் படுத்திருந்ததைச் சொன்னார்கள். பள்ளிவாசலில் நின்றவர்களுக்குத் தெரியாதது வீட்டுக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிஷா (ரலி) அவர்கள் பிற சஹாபாக்களின் அறிவிப்புகளைத் திருத்திய இடங்களைத் தொகுத்து, ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷீ ஒரு தனி நூலே எழுதினார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த கதை: 1819 ஜனவரி இறுதியில் ராஃபிள்ஸ் வந்து இறங்கினார். பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசைனோடும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இறங்கிய அன்று என்ன நடந்தது? அதை நமக்குச் சொன்னவர்கள் யார்?

ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தில் பெரிய பெயர். அவரை மலாய் எழுத்தாளராக நாம் அறிவோம். அவர் நமக்கும் உறவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய பாட்டனாரின் தந்தை எமன் நாட்டு அரபி. நாகூருக்கு வந்து அங்கே திருமணம் செய்துகொண்டவர். அவருடைய பிள்ளைகள்தான் கிழக்கே கப்பலேறினார்கள். அப்துல்லா 1790களில் மலாக்காவில் பிறந்தார். சிறுவயதில் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டு தமிழ் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய மலாக்காவில் வழக்கம்; கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. பிறகு மலாக்காவில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தார். முன்ஷி என்ற பெயர் அப்படி வந்தது. இளம்வயதிலேயே ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தார்.

அவர் எழுதிய 'ஹிக்காயத் அப்துல்லா' 1843இல் எழுதி முடிக்கப்பட்டு, 1849இல் அச்சில் வந்தது. தொடக்க காலச் சிங்கப்பூரைப் பற்றி இவ்வளவு உயிரோட்டமாக எழுதிய நூல் வேறில்லை. தாம் தங்கியிருந்த வீட்டுப் பூனையை எலிகள் சூழ்ந்து தாக்கியதும், எலி ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று ஃபார்க்குவார் அறிவித்ததும், ஜனங்கள் எலிகளைக் கொண்டுவந்து குவித்ததும் அவர் எழுதியதால்தான் நமக்குத் தெரியும். ஆனால் ஒன்று: ராஃபிள்ஸ் வந்து இறங்கிய நாளில் முன்ஷி அப்துல்லா சிங்கப்பூரில் இல்லை. அவர் சில மாதங்கள் கழித்துத்தான் மலாக்காவிலிருந்து வந்தார். அந்த நாளின் கதை அவர் பிறரிடம் கேட்டு எழுதிய கதை. அதில் ஃபார்க்குவார் முதலில் வந்து இறங்குகிறார். ராஃபிள்ஸ் பிறகு வருகிறார்.

இன்னொருவர் வா ஹக்கீம். ஓராங் லாவுட் என்று சொல்லப்படும் கடல்வாழ் மக்களில் ஒருவர். ராஃபிள்ஸ் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். அவர் அன்று ஆற்றங்கரையில் இருந்தார், கண்ணால் பார்த்தார். அவர் சொன்னதன் சாரம் இது: ஆற்று முகத்துவாரத்தில் சிறு வீடுகளும் குடிசைகளுமாக நூறுக்குள் இருந்தன. தெமெங்கோங்கின் வீடு மட்டும் பெரியது. சுமார் முப்பது குடும்பங்கள் படகிலேயே வாழ்ந்தன. ஒரு நாள் காலையில் படகு ஒன்று கரைக்கு வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒருவர் குட்டை, அவர்தான் ராஃபிள்ஸ், மற்றவர் உயரமானவர், அவர் ஃபார்க்குவார். நேரே தெமெங்கோங் வீட்டுக்குப் போனார்கள். ரம்புத்தானும் மற்றப் பழங்களும் கொடுத்து உபசரித்தார்கள். பிற்பகல் நான்கு மணி வாக்கில் வெளியே வந்து கப்பலுக்குத் திரும்பினார்கள்.

பாருங்கள், அங்கே இருந்தவரின் பேச்சு இது. ஆள் குட்டையா நெட்டையா, என்ன பழம் கொடுத்தார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். இந்தச் சாட்சியம் எப்போது எழுதப்பட்டது தெரியுமா? 1882இல். ஹாட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி முதியவரிடம் கேட்டு எழுதி, ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். அறுபத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் முன்ஷி அப்துல்லாவின் நூல் வெளிவந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நாளில் அங்கே இல்லாதவருக்கு எழுத்து இருந்தது. அங்கே இருந்தவருக்கு எழுத்து இல்லை. எழுத்துத்தான் முந்திக்கொண்டது.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். வா ஹக்கீம் சொன்னதில் நான் இதுவரை விட்டுவைத்த ஒரு விவரம் அது. படகில் இரண்டு வெள்ளைக்காரர்களோடு ஒரு சிப்பாயும் இருந்தார். கையில் துப்பாக்கி வைத்திருந்தார். சிப்பாய் என்றால் கம்பெனியின் இந்தியப் படைவீரர். ஆக, அந்த முதல் படகிலேயே நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். அவர் எந்த ஊர், என்ன மதம், தெமெங்கோங் வீட்டு வாசலில் நின்று என்ன பார்த்தார் என்று அவரிடம் ஹாட்டன் போல ஒருவர் கேட்டு எழுதிவைத்த ஏடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. அவர் இருந்தார் என்பதே இன்னொருவரின் நினைவில் ஒரு வரியாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

மூன்று பேர். எழுதத் தெரிந்தவர் ஒருவர். அறுபத்து மூன்று ஆண்டு காத்திருந்தவர் ஒருவர். பேசாமலே போனவர் ஒருவர். நம் வீடுகளிலும் இந்த மூன்று வகையினர் உண்டு.

இதனால் முன்ஷி அப்துல்லாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் எங்கே நின்று எழுதினார் என்று பார்க்கச் சொல்கிறேன். அவருடைய பிழைப்பு வெள்ளைக்காரர்களிடமும் பாதிரிமார்களிடமும் இருந்தது. வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி அவரை ஊக்கியவர் ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார். ஹிக்காயத்தில் ராஃபிள்ஸ் மீது பெரிய மரியாதையும் மலாய் அரசர்கள் மீது கடுமையான விமர்சனமும் இருக்கின்றன. அவர் பொய் எழுதினார் என்று இதற்குப் பொருள் அல்ல. அவர் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து அவை நன்றாகத் தெரிந்தன. தெமெங்கோங்கின் ஆட்கள் ஒரு நூல் எழுதியிருந்தால் வேறு சில விஷயங்கள் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதே அப்துல்லாதான் வேறொரு மனிதருக்கு நியாயம் செய்தார். சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் ஆக இருந்து அன்றாடம் ஊரை நடத்தியவர் ஃபார்க்குவார். ராஃபிள்ஸ் வந்து போனாரே தவிர, இங்கே அதிக நாள் தங்கியதில்லை. இருவருக்கும் பிணக்கு முற்றி, 1823இல் ஃபார்க்குவார் பதவியிழந்தார். லண்டன் போய் 1824இல் கம்பெனி இயக்குநர்களுக்கு மனு கொடுத்தார். சிங்கப்பூரை நிறுவியதில் தமக்கும் பங்குண்டு என்றார். ராஃபிள்ஸ் பதில் கொடுத்தார். இயக்குநர்கள் ராஃபிள்ஸ் சொன்னதையே ஏற்றார்கள். அந்த மேசையில் தீர்ந்த வழக்குதான் பிறகு பாடப்புத்தகம் ஆனது. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு ராஃபிள்ஸுக்கு வெண்கலச் சிலையே எழுந்தது. இன்று அவர் பெயரில் பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல், பெருவிரைவு ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஃபார்க்குவார் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஃபார்க்குவார் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளை முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார். எல்லா இனத்து மக்களும் அன்பளிப்புகளோடு கடற்கரைக்கு வந்தார்கள்; அழுதார்கள்; அவரும் அழுதார். லண்டன் மேசையில் யாரும் கேட்காத சாட்சியம் அது. கரையில் நின்றவர் எழுதியதால்தான் பிற்கால ஆய்வாளர்கள் ஃபார்க்குவாரின் வழக்கை மறுபடியும் எடுத்துப் பார்க்க முடிந்தது.

2019இல், இருநூறாவது ஆண்டு நினைவின்போது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சில நாள் நான்கு சிலைகளை வைத்தார்கள். சாங் நீல உத்தமா, டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா. உங்களில் பலர் போய்ப் படம் எடுத்திருப்பீர்கள். நல்ல காரியம். அந்தக் கூட்டத்திலும் வா ஹக்கீம் இல்லை, துப்பாக்கி ஏந்திய அந்தச் சிப்பாயும் இல்லை.

யார் சொன்னதை நம்புகிறோம் என்பது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினையும் கூட. 1823 மார்ச் 11ஆம் தேதி இரவு நடந்ததைக் கேளுங்கள். ஃபார்க்குவாரை ஒருவர் கத்தியால் குத்திவிட்டார். குத்தியவரும் அங்கேயே வெட்டுப்பட்டு இறந்தார். தெமெங்கோங்கின் ஆட்கள்தான் செய்திருப்பார்கள் என்று உடனே பேச்சுப் பரவியது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது போல இருந்தது. பீரங்கிகளைத் தெமெங்கோங்கின் கம்பத்தை நோக்கித் திருப்பிவிட்டார்கள். சுடலாமா என்ற பேச்சு நடக்கிறது. ராஃபிள்ஸ் பொறுக்கச் சொன்னார். பிறகுதான் இறந்தவர் சையது யாசீன் என்று தெரிந்தது. சையது உமர் என்ற வணிகருக்குக் கடன்பட்டு, அந்த வழக்கில் காவலில் இருந்தவர். துணைக்கு வந்த சேவகரைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்தவர். தெமெங்கோங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சம் வரச் சற்றுத் தாமதித்திருந்தால், ஒரு கம்பம் முழுவதும் ஒரு வதந்திக்குப் பலியாகியிருக்கும்.

கதை அங்கே முடியவில்லை. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று சையது யாசீனின் உடலை இரும்புக் கூண்டில் வைத்துத் தஞ்சோங் மாலாங்கில் தொங்கவிட்டார்கள். பிறகு தஞ்சோங் பகாரில் அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் அந்தக் கபுர் கெராமாட் என்று மதிக்கப்பட்டு மக்கள் போய் வரும் இடமானது. அரசுக் கோப்பில் கொலைகாரர். அங்கே போனவர்களின் மனத்தில் வேறொருவர். அவர் செய்த கொலையை யாரும் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் கூண்டைப் பார்த்த மக்கள் அதிலிருந்து அரசு விரும்பிய பாடத்தைக் கற்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஊசாமல் நிற்கும் தெருப்பெயர்களையும் பாருங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நம் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தொடங்கியது. பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்று பெயர். அடுத்து மாரியம்மன் கோயில். அதன் கோபுரத்தைப் பகோடா என்று எண்ணியவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வைத்தார்கள். கோயிலுக்குள் போய் வந்த ஒருவரைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? நம்மவர்களோ ஜாமிஆவைப் பெரிய பள்ளி என்றார்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் முதலில் ஒரு குடிசையாக இருந்ததால் அது குச்சுப் பள்ளி. அந்தப் பெயருக்குள்ளே ஒரு வரலாறு இருக்கிறது. வரைபடத்தில் அந்தப் பெயர் ஏறவில்லை. நம் வாயில்தான் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் வாயில் இருக்குமா என்பது நம் கையில் இருக்கிறது.

கிளிங் ஸ்திரீட் என்று ஒரு தெரு இருந்தது. கலிங்கத்திலிருந்து வந்த சொல். முன்ஷி அப்துல்லா காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல். பிறகு அது ஏளனச் சொல்லாகிவிட்டது. இந்தியச் சமூகத்தார் ஆட்சேபித்தார்கள். 1921இல் அது சூலியா ஸ்திரீட் ஆனது. நம்மை இன்னொருவர் அழைத்த பெயர் போய், நம்மவர்களின் பெயர் வந்தது. அது தானாக நடக்கவில்லை. யாரோ மனு எழுதினார்கள், யாரோ வாதாடினார்கள்.

நம்மவர்கள் அச்சு இயந்திரத்தின் அருமையை அறிந்தவர்கள். ராஃபிள்ஸ் சிலை எழுந்த அதே 1887இல், அதே பொன்விழா ஆண்டில், 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை சி.கு. மகுதூம் சாயபு இங்கே தொடங்கினார். 1890 வரை நடந்தது. அன்று சிங்கப்பூரில் தமிழர் என்ன பேசினார்கள், எதற்குக் கவலைப்பட்டார்கள் என்று இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த இதழைத்தான் புரட்டுகிறார்கள். மூன்று ஆண்டுதான் நடந்த ஒரு சிறு இதழ், நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் நமக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

பழங்கதை போதும், நம் காலத்துக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. தேக்காவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. காவல்துறை வாகனங்களும் ஆம்புலன்ஸும் தாக்கப்பட்டன, தீக்கிரையாயின. அது தவறு, அதில் இரண்டு கருத்து இல்லை. பிறகு அமைந்த விசாரணைக் குழு 90க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2014இல் அறிக்கை தந்தது. அதில் ஒரு விஷயம் என் மனத்தில் தங்கிவிட்டது. பேருந்து ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் மீட்புப் பணியாளர்கள் பாதுகாப்பாக அழைத்துச் செல்வதைக் கூட்டம் பார்த்தது. சக்கரத்தடியில் இருந்தவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்பது மருத்துவ உதவியாளருக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. கீழே கிடப்பவரை விட்டுவிட்டு அவர்களைக் காப்பாற்றுகிறார்களே என்று கூட்டம் நினைத்தது. ஒரே தெரு, ஒரே நிமிடம். பேருந்துக்கு உள்ளே இருந்தவருக்கு ஒரு காட்சி. பத்து அடி தள்ளி நின்றவருக்கு வேறு காட்சி.

மறுநாள் முதல் நாட்டில் எல்லாரும் அந்த ஊழியர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்களிடம் பேசியவர்கள் குறைவு. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து ஸஃப்பில் நின்று தொழுகிற தம்பிமார்களும் ஊழியர்கள்தாம். அவர்களிடம் சலாம் சொல்வதோடு நிறுத்தாமல், ஊர் எது, வேலை எப்படி, அத்தா அம்மா சுகமா என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? 1819இல் படகில் வந்த சிப்பாயைக் கேட்டு எழுதவில்லை என்று வருந்துகிற நாம், இன்று படகில் இருப்பவரைக் கேட்கிறோமா?

இப்போது நம் மலருக்கு வருகிறேன். ஒவ்வொரு பொன்விழா மலரிலும் தலைவர்களின் படம் இருக்கும். செயலாளர்களின் பட்டியல் இருக்கும். அமைச்சர் வந்த நாளின் படம் இருக்கும். இருக்க வேண்டியதுதான், உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் படங்களின் ஓரத்தில் பாதி முகம் தெரிகிறதே, அவர் யார்? நோன்புக் கஞ்சிக்கு அஸர் முடிந்ததும் கரண்டி பிடித்தவர் யார்? சந்தா வசூலிக்கப் புளோக் புளோக்காக ஏறி இறங்கியவர் யார்? அவர் எழுதாததால் அவர் கதை இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

பெண்களை நினைத்துப் பாருங்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த நம் தாய்மார்களில் பலர் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதைப் பற்றி எழுதும்போது நிறுவியவர்களின் பெயர்களை எழுதுகிறோம். அந்தத் தலைமுறைத் தாய்மார்களின் கையில் மிளகாய் எரிச்சலோடு விடிந்த காலைகளை யார் எழுதுவது? அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நம் வரலாறு வேறு மாதிரி தெரியும்: எந்த மாதம் வாடகைக்குக் காசு இல்லை, எந்தக் கடைக்காரர் கடன் கொடுத்தார், எந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார்கள், யாரை நிறுத்தினார்கள் என்று.

ஆகவே என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இளையவர்களே, இது உங்களுக்கு. வீட்டில் நன்னா, நன்னி, வாப்பா, உம்மா என்று எப்படி அழைத்தாலும் சரி, அவர்களிடம் போய் உட்காருங்கள். கையில் இருக்கும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நன்னாவைக் கேட்டால் நன்னியைத் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். எந்த வீட்டிலும் இது நடக்கும். அவர் சொல்வது தானே பார்த்ததா, யாரிடமாவது கேட்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவின் தலைப்பில் சொன்னவர் பெயர், தேதி, அப்போது அவருக்கு என்ன வயது, எங்கே இருந்தார் என்று எழுதுங்கள். நம் முன்னோர் ஹதீஸுக்குச் செய்த மரியாதையில் ஒரு துளியை வீட்டுக் கதைக்கும் செய்யுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொன்னால், எது சரி என்று குழு கூடி முடிவு கட்டிவிட்டு ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், யார் எங்கே நின்று சொன்னார் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர் சட்டை முன்னால் கிழிந்ததா, பின்னால் கிழிந்ததா என்று பார்த்துக்கொள்வார். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களின் குரல்களைப் பதிவு செய்து வருகிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தாகிவிட்டது. கேட்பதற்கு இடங்கள் இருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

வா ஹக்கீமைக் கேட்க ஒருவர் வர அறுபத்து மூன்று ஆண்டு ஆனது. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்திருந்ததால் நமக்கு அந்தக் காலைப் பொழுது கிடைத்தது. எல்லாருக்கும் அவ்வளவு ஆயுள் வாய்ப்பதில்லை. நம் சங்கத்தின் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சாப்பாடு பரிமாறும்போது அவர்கள் பக்கத்தில் இடம்பிடித்து உட்காருங்கள்.

உண்மையைக் கேட்கும் பொறுமையையும், கேட்டதை நேர்மையாக எடுத்துச் சொல்லும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.